ஆறு குரல், ஒரு கருவி



மேம்படுத்திய பழைய சிந்தசைசரிடமிருந்து முழு வேலை வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்துக் கருவிகளின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பயன் இல்லை. அதனால் ஒரே கருவியை எடுத்துக்கொள்கிறேன். ரோலண்ட் ஜூனோ-106. 1984-இல் வந்தது. ஆறு குரல், அதாவது ஒரே சமயத்தில் ஆறு ஸ்வரம் ஒலிக்கும், 61 சாவிகள், 128 பேட்ச் நினைவகம், மிடி உண்டு. இன்றைக்கும் கிடைக்கிறது, இன்றைக்கும் கெட்டுப்போகிறது, இன்றைக்கும் அதற்குப் புதுச் செயலிப் பலகை செய்து விற்கிறார்கள். இதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து மற்றக் கருவிகளும் பாதி பிடிபட்டுவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப் பலகை போட்டால் கருவிக்கு வசதி கூடும். அதனால் மட்டும் நாதம் கூடாது. நாதம் இருப்பது நாற்பது வருடப் பழைய பாகங்களில். அவற்றைச் சீர் செய்யாமல் மேலே வசதியை ஏற்றினால், இத்தனை நாள் மறைந்திருந்த குறைகள் எல்லாம் வெளியே வரும். காசு செலவழித்துப் பலகை போட்டவர்கள் "முன்னை விட மோசமாக இருக்கிறதே" என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பலகையின் மேல் தப்பு இருக்காது.

சாவியை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு மூலக் கடிகாரத் துடிப்பை 8253 என்கிற டைமர் ஐ.சி. எண்ணி வகுக்கிறது. ஒவ்வொரு முறை எண்ணி முடிக்கும்போதும் ஒரு கெபாசிட்டர் காலியாகி மறுபடி நிரம்பத் தொடங்கும். இப்படி நிரம்பியும் காலியாகியும் உருவாவதுதான் ரம்பப்பல் அலை. எப்போது காலியாக வேண்டும் என்பதை எண்ணிக்கை முடிவு செய்கிறது. அலையை உண்டாக்குவது அனலாக் சுற்று. இதைத்தான் டி.சி.ஓ. என்கிறோம். ஆறு குரலுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் ஜூனோவில் சுருதி விலகுகிற பேச்சே கிடையாது. 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர் அப்படி இல்லை. அதில் 'ட்யூன்' என்று தனியாக ஒரு பொத்தானே உண்டு. கருவி சூடேறிய பிறகு அதை அழுத்தினால் உள்ளிருக்கும் நுண்செயலி ஒவ்வோர் ஆசிலேட்டரையும் அளந்து திருத்தும்.

"சுருதி விலகாது, அப்படியென்றால் ஜூனோவில் சரிசெய்ய எதுவும் இல்லை" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். டி.சி.ஓ.வைத் தாண்டியதும் ஒவ்வொரு குரலும் தன் பாட்டுக்குத் தனி ஃபில்டருக்குள் போகிறது, ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் தனி வி.சி.ஏ.வுக்குள் போகிறது. அவை முழுக்க அனலாக். வயதும் வெப்பமும் ஆளுக்கு ஒரு மாதிரி பாதிக்கும். மூன்றாவது குரல் கொஞ்சம் மங்கலாக, ஐந்தாவது கொஞ்சம் கூர்மையாக, ஆறாவது சற்றே அமுங்கி. ஆறும் கலந்த பிறகுதான் பொதுவான ஹைபாஸ் ஃபில்டரும் கோரஸும் வருகின்றன. ஆகவே இந்தக் கருவியில் சுருதி சேர்ப்பது என்றால் ஆறு ஃபில்டர்களையும் ஒன்றுக்கொன்று இணங்க வைப்பதுதான்.

அதற்கு முன் மின்சாரம். நம் ஊருக்கு வரும் பழைய கருவிகளில் பல ஜப்பானில் விற்கப்பட்டவை, அதாவது 100 வோல்ட்டுக்குச் செய்தவை. அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 117. நம் சுவரில் இருப்பது 230. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் செருகியவர்கள் ஃபியூஸோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடையில் "ஸ்டெப்-டவுன்" என்று கேட்டால் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் தருவார்கள். 100 வோல்ட் கருவி அதில் ஓடும், உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் கூடுதலாக வரும் அந்த 10 சதவீதத்தை ரெகுலேட்டர்கள் வெப்பமாகத்தான் வெளியே தள்ளும். நம் ஊர் லைனே சில நேரம் 240-ஐத் தாண்டும். பெட்டிக்குள் சூடு ஏறும், ஃபில்டர்கள் நகரும், கெபாசிட்டர்கள் சீக்கிரம் காயும். 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றச் சொல்லி வாங்குங்கள். செலவு பெரிய வித்தியாசம் இல்லை.

உள்ளே மூன்று மின்னழுத்தங்கள் முக்கியம்: கூட்டல் 15, கழித்தல் 15, கூட்டல் 5. மல்டிமீட்டரில் இந்த மூன்றையும் பாருங்கள். டி.சி. சரியாகக் காட்டினாலும் போதாது; ஸ்கோப் இருந்தால் அதன் மேல் ஏறியிருக்கும் அலைச்சலையும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபயருக்குப் பின் அது 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் வற்றிவிட்டால் அந்த 100 ஹெர்ட்ஸ் எல்லா இடத்திலும் கசியும். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று கேட்பது மட்டுமில்லை, ஃபில்டரைக் கட்டுப்படுத்துகிற மின்னழுத்தத்திலும் அது ஏறிக்கொள்ளும். அப்போது எந்த டிரிம்மரைத் திருகினாலும் நிலைக்காது. கெபாசிட்டர்களை மாற்றிய பிறகு அளந்தால் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. அதற்கு முன் அளப்பது வீண்.

இனி இந்தக் கருவியின் பிரபலமான வியாதிக்கு வருவோம். 80017ஏ. ஒரு குரலின் ஃபில்டரையும் வி.சி.ஏ.வையும் ஒரே சின்னப் பலகையில் அடக்கி, அதன் மேல் கறுப்புப் பிசினைப் பூசி, வரிசையாகக் கால் வைத்த ஒரு பாகம். கருவிக்குள் ஆறு இருக்கும். பக்கத்தில் எம்.சி.5534ஏ என்று மூன்று இருக்கும். அவை அலை உண்டாக்குபவை, ஒன்றுக்கு இரண்டு குரல் கணக்கு. 80017ஏ-வின் தலைவலி அந்தக் கறுப்புப் பூச்சு. ஈரத்திலிருந்து காக்கப் பூசியதே வருடக்கணக்கில் மெல்ல மின்சாரம் கசியவிடத் தொடங்குகிறது. மிக நுண்ணிய கசிவுதான். ஆனால் ஃபில்டருக்குள் ஓடுவதும் நுண்ணிய மின்னோட்டம்தானே. விளைவு மூன்று விதம்: ஒரு குரல் திடீரென்று செத்துப்போகும், அல்லது சாவியை விட்ட பிறகும் நிற்காமல் முனகும், அல்லது எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடக்கும். மூன்றாவது வகை சூடேறிய பிறகுதான் தலைகாட்டும் என்பதால் வாங்கும்போது ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்தவர்களிடம் மாட்டாது.

எந்தக் குரல் என்று கண்டுபிடிப்பது சுலபம். 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரைப் போட்டால் கருவி சோதனை நிலைக்குப் போகும். அதன் பிறகு சாவியை அழுத்தும்போது எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். கோரஸை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில், ஒவ்வோர் எண்ணாகக் கேளுங்கள். இது மூலப் பலகையோடு இருக்கும் கருவிக்குச் சொல்வது. மாற்றுப் பலகைகளில் சோதனை முறை வேறாக இருக்கும், அதன் கையேட்டைப் பாருங்கள். அதனால்தான் இந்தச் சோதனையைப் பலகை மாற்றுவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்கிறேன். பிறகு ஒரு குரல் வரவில்லை என்றால் பழைய பாகத்தைச் சந்தேகிப்பதா, புதிய சால்டரைச் சந்தேகிப்பதா என்று தவிக்க வேண்டாம்.

கெட்டுப்போன 80017ஏ-க்கு இரண்டு வழி. ஒன்று, அதைக் கழற்றிக் கலப்பில்லாத அசிட்டோனில் சில நாள் ஊறப்போடுவது. பூச்சு இளகி உரிந்து வரும். அடியில் பொடிப்பொடியாகப் பாகங்கள் தெரியும். மூங்கில் குச்சியால் சுரண்டலாம், கத்தியை எடுக்காதீர்கள். மூடிய கண்ணாடிக் குப்பியில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் சால்டரிங் அயனுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். இது பல நேரம் பிழைத்துக்கொள்ளும். எல்லா நேரமும் இல்லை. இன்னொரு வழி, அனலாக் ரினைசான்ஸ் போன்றவர்கள் செய்கிற மறுபிரதிகளை வாங்கிப் போடுவது. ஒன்று கெட்டால் ஆறும் மாற்ற வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனசாட்சிப்படி சொன்னால், பாட்டுக்கு வாசிக்கிறவர் மாற்றுவது நல்லது. ஒன்று போனால் மற்ற ஐந்தும் அதே பூச்சோடு, அதே வயதோடுதான் இருக்கின்றன. வீட்டில் பொழுதுபோக்காக வைத்திருப்பவர் போனதை மட்டும் மாற்றினால் போதும். எப்படியானாலும் கால்களை நேரடியாகச் சால்டர் செய்யாமல் சாக்கெட் வையுங்கள். இந்தப் போர்டின் செம்புத் தடங்கள் இரண்டாவது, மூன்றாவது முறை சூட்டைத் தாங்காமல் உரிந்து எழும்.

இப்போது சீரமைப்பு. என் பேச்சின் மையம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கருவியைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்து வைத்தபடி சூடேற்றினால் உள்வெப்பம் வேறாக இருக்கும். முடிந்தவரை மூடியைச் சாத்தி வைத்து, வேலைக்கு மட்டும் திறக்க வேண்டும். ஒவ்வொரு குரலுக்கும் சின்னச் சின்ன டிரிம்மர்கள் உண்டு. வி.சி.ஏ. ஆஃப்செட், வி.சி.ஏ. கெயின், ரெசனன்ஸ், ஃபில்டர் அலைவெண், ஃபில்டர் விரிவு. சர்வீஸ் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அளவுகள் அதில் இருக்கின்றன. நான் அளவைச் சொல்லப்போவதில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

ஆஃப்செட் தப்பாக இருந்தால் ஸ்வரம் தொடங்கும்போது 'டப்' என்று ஒரு தட்டல் கேட்கும். மெல்லத் தொடங்கும் ஸ்ட்ரிங்ஸ் பேட்சில் இது தெரியாது, வேகமான பேஸில் நன்றாகத் தெரியும். சிலர் அதை "பஞ்ச்" என்று நினைத்து ரசிப்பார்கள். ஆறு குரலிலும் ஒரே மாதிரி தட்டினால் ரசிக்கலாம். இரண்டில் மட்டும் தட்டினால் தாளம் நொண்டும்.

அடுத்தது ரெசனன்ஸ், அதற்குப் பிறகே அலைவெண். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ரெசனன்ஸை முழுக்க ஏற்றினால் ஜூனோவின் ஃபில்டர் தானே பாடத் தொடங்கும். உள்ளே அலை எதுவும் அனுப்பாமலே ஒரு சுத்தமான சைன் அலை வெளியே வரும். அந்தப் பாட்டின் சுருதிதான் ஃபில்டரின் வெட்டு அலைவெண். பாட வைக்கிற ரெசனன்ஸ் சரியாக இல்லையென்றால் அந்தச் சுருதியை நம்ப முடியாது. பாடத் தொடங்கியதும், கிதார்க்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண ட்யூனரே போதும், ஒவ்வொரு குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். கடைசி நுணுக்கத்துக்கு ட்யூனரை விடக் காது மேல். ஒரு குரலின் பாட்டைப் பதிவு செய்து ஓடவிட்டு, அதனோடு அடுத்த குரலைப் பாட வையுங்கள். ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 442 என்றால் விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். டிரிம்மரைத் திருகத் திருக அந்த அலைப்பு நிதானமாகி, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். வீணை, தம்புரா சுருதி சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. மின்னணு படித்தவர்களை விட அவர்கள் சீக்கிரம் முடிக்கிறார்கள்.

பிறகு விரிவு. கீ ஃபாலோவை முழுக்க வைத்து ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்தாயியையும் வாசியுங்கள். ஃபில்டரின் பாட்டும் சரியாக ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் மேல் சாவிகள் மங்கும், கூடினால் கிரீச்சிடும். விரிவைத் தொட்டால் அலைவெண் நகரும், அலைவெண்ணைத் தொட்டால் விரிவு நகரும். மாறி மாறி இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். ஒரே சுற்றில் முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர் சரியாக அளக்கவில்லை.

எந்த வெப்பத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த வெப்பத்தில் சீரமையுங்கள். ஏ.சி. போட்ட ஸ்டூடியோவில் 24 டிகிரியில் அருமையாக இருந்த கருவியைச் சித்திரை மாதத்தில் திறந்த மேடையில் வைத்துவிட்டு, "ஃபில்டர் ஓடுகிறது" என்றால் ஓடத்தான் செய்யும். கடற்கரையை ஒட்டியிருக்கும் ஊர்களில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. ஸ்லைடர்களின் உள்ளேயும் சாவிகளின் ரப்பர்த் தொடர்புகளுக்கு அடியிலும் அது படியும். ஸ்லைடருக்குக் கண்டதையும் பீய்ச்சாதீர்கள். அழுக்கை மட்டும் கரைத்து உள்ளிருக்கும் மசகையும் கரைத்துவிட்டால், ஒரு மாதத்தில் முன்னை விடக் கரகரக்கும். சுத்தம் செய்தபின் ஸ்லைடருக்கென்றே இருக்கும் மசகு கொஞ்சம் வைக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு மேம்பாடு. ஜூனோ-106-க்கு நியூசிலாந்தின் கிவிடெக்னிக்ஸ் செய்கிற கிவி-106 பலரும் அறிந்தது. 512 பேட்ச், ஆர்ப்பெஜியேட்டர், சீக்வென்சர், கூடுதல் எல்.எஃப்.ஓ., கூடுதல் என்வலப், ஒழுங்கான மிடி கன்ட்ரோலர் வசதி என்று தருகிறது. பழைய ஜூனோ-6-க்கும் 60-க்கும் பெர்லினின் டுபுடெக் செய்த ஜூனோ-66 இருக்கிறது. ரோலண்டின் ஜூப்பிட்டர்-6-க்கு யூரோப்பா என்ற பலகை. எதை வாங்குவது என்று நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

ஜூனோ-60-இல் என்வலப்பை உண்டாக்கத் தனி அனலாக் ஐ.சி.க்கள் இருந்தன. 106-இல் அவை கிடையாது. என்வலப்பை நுண்செயலியே கணக்குப் போட்டு, டி.ஏ.சி. வழியாக ஒவ்வொரு குரலுக்கும் முறை வைத்து மின்னழுத்தமாக அனுப்புகிறது. சின்னக் கெபாசிட்டர்கள் அடுத்த முறை வரும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஸ்வரம் எவ்வளவு வேகமாக எழுகிறது, எப்படி வளைந்து விழுகிறது, ஸ்லைடரை நகர்த்தினால் வழுக்குகிறதா படிப்படியாக ஏறுகிறதா என்பதெல்லாம் மென்பொருளின் குணம். செயலியை மாற்றினால் அந்தக் குணமும் மாறலாம். எனவே பலகை போடுவதற்கு முன் உங்களுக்குப் பிடித்த பத்துப் பேட்ச்களை, கோரஸ் இல்லாமல் ஒருமுறை, கோரஸோடு ஒருமுறை பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பதிவைக் கேட்டபடி புதிய என்வலப்பின் அட்டாக்கையும் டிகேயையும் சரிசெய்யலாம். நினைவை மட்டும் நம்பினால் "ஏதோ குறைகிறது" என்று வருடக்கணக்கில் புலம்பலாம், என்ன குறைகிறது என்று சொல்ல முடியாது.

பேட்ச்களையும் காப்பாற்ற வேண்டும். நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது ஒரு சி.ஆர்.2032 செல். அதைக் கழற்றிய நொடியில் 128-ம் போய்விடும். கேசட் காலத்து டேப் வெளியீடு பின்னால் இருக்கிறது. இன்றைக்குக் கேசட் தேவையில்லை, கணினியில் ஒலிக் கோப்பாகவே பதிவு செய்யலாம். மறுபடி ஏற்றும்போது ஒலி அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். எம்.பி.3 ஆக்காதீர்கள். சுருக்கும்போது தகவல் சிதையும். செல் மாற்றும்போது சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஹோல்டர் ஒன்றை வைத்துவிடுங்கள், அடுத்த முறை சால்டர் தேவைப்படாது.

இனி மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600-ஐயும் ஜூப்பிட்டர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். அடுத்த வருடம் வந்த ஜூனோ-106-க்கு மிடி பிறப்பிலேயே உண்டு, ஆனால் அந்தக் காலத்து நிதானத்தோடு. மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட். ஆக ஒரு பைட்டுக்கு 0.32 மில்லிசெகண்டு. ஒரு ஸ்வரம் மூன்று பைட், ஏறத்தாழ 1 மில்லிசெகண்டு. ஆறு ஸ்வரக் கார்டு ஒன்று கேபிளைக் கடக்கவே கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்டு.

இதோடு ஸ்லைடர் சேர்ந்தால் பாருங்கள். மூல ஜூனோ-106-இல் ஸ்லைடர் அசைவு சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் செய்தியாகப் போகும். ஒன்றுக்கு ஏழு பைட். ஃபில்டர் ஸ்லைடரை அடியிலிருந்து உச்சி வரை, 128 படியும் விடாமல் தள்ளினால், 287 மில்லிசெகண்டு நேரம் கேபிளை அதுவே பிடித்துக்கொள்ளும். மேம்பாட்டுக்குப் பின் சாதாரண கன்ட்ரோலர் செய்தியாக அனுப்பினால் மூன்று பைட்தான், 123 மில்லிசெகண்டில் முடியும். பாதிக்கும் குறைவு. மேம்பாட்டின் உண்மையான லாபங்களில் இது ஒன்று. விளம்பரத்தில் ஆர்ப்பெஜியேட்டரைத்தான் பெரிதாகப் போடுவார்கள்.

ஆனால் வசதி வந்ததும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கணினியிலிருந்து நான்கு ஆட்டோமேஷன் வளைவுகளை ஒரே நேரத்தில் வரைந்து அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான செய்தி. ஸ்வரங்கள் வரிசையில் காத்து நின்று தாமதமாகின்றன. "பழைய கருவி, டைமிங் சரியில்லை" என்று பழி மட்டும் ஜூனோ தலையில். வளைவுகளை மெலிதாக்குங்கள். ஜூனோவுக்குத் தனி மிடி போர்ட் கொடுங்கள். வேறு கருவியின் மிடி அவுட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அந்தக் கருவி தானே அனுப்பும் குப்பையும் கூடவே வரும். யமஹா டி.எக்ஸ்.7-ஐ எடுத்துக்கொண்டால், அது யாரும் தொடாதபோதும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஆக்டிவ் சென்சிங் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

டி.எக்ஸ்.7 பேச்சு வந்ததால் ஒரு சொல். 1983-இல் வந்த அந்த யமஹா முழுக்க டிஜிட்டல். ஃபில்டர் சீரமைப்பு என்ற வேலையே அதில் இல்லை. அதற்கும் எண்பதுகளிலேயே கிரே மேட்டரின் 'ஈ!' பலகை வந்தது. டி.எக்ஸ்.7-இன் சாவிகளை எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் வெலாசிட்டி 127 வரை எட்டாது. ஆகவே அதை வைத்து வேறு கருவியை ஓட்டினால் அந்தக் கருவி மந்தமாகத் தெரியும். வெலாசிட்டி வளைவைத் திருத்திக்கொண்டால் போதும், கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஜூனோவின் சொந்தச் சாவிகளுக்கு வெலாசிட்டியே கிடையாது. மேம்பாட்டுக்குப் பின் வெளிக் கீபோர்டிலிருந்து வெலாசிட்டியை ஃபில்டருக்கு அனுப்பும் வசதி கிடைத்தால், கொஞ்சமாக வையுங்கள். இந்தக் கருவியின் பழைய பேட்ச்கள் எல்லாம் விரல் அழுத்தம் மாறாது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. வெலாசிட்டியை முழுக்கத் திறந்தால் பேட் ஒலியில் ஒரு விரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

யூனிசன் விஷயம் சுவையானது. மற்ற அனலாக் கருவிகளில் யூனிசன் என்றால் குரல்கள் இயல்பாகவே அரைக்கால் சுருதி விலகி நின்று தடிமன் கொடுக்கும். ஜூனோவில் ஆறு குரலும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை, ஒரு மயிரிழையும் விலகாது. அதனால் மூலக் கருவியில் யூனிசன் பெரும்பாலும் சத்தமாகத்தான் இருக்கிறது, பெரிதாக இல்லை. மாற்றுப் பலகைகளில் டீட்யூன் வருகிறது. தம்புராவில் ஜீவா நூலை நகர்த்துகிற மாதிரி அதை நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் ஒலி திறந்துகொள்ளும், அதைத் தாண்டினால் வெறும் அபசுரம். ஃபில்டர்களைச் சீரமைக்காமல் டீட்யூன் போட்டால் அந்த ஓரிடம் கிடைக்கவே கிடைக்காது. எது சுருதி விலகல், எது ஃபில்டர் விலகல் என்று காதால் பிரிக்க முடியாது.

யூனிசனோடு போர்ட்டமென்டோவைச் சேர்த்தால் நம் சங்கீதத்துக்கும் கொஞ்சம் வழி பிறக்கிறது. 1982-இல் பம்பாயின் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். ஜூப்பிட்டர்-8, டி.பி.303, டி.ஆர்.808, இவ்வளவுதான் கருவி. அப்போது யாரும் சட்டை செய்யவில்லை. பல வருடம் கழித்து உலகம் தேடிக் கேட்டது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஸ்லைடை அவர் என்ன பாடுபடுத்தியிருக்கிறார் என்று கேளுங்கள். ஜூனோவில் பெண்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்லைடர்களில் டி.சி.ஓ. என்பதைக் குறைத்து, முழுக்கத் தள்ளினால் இரண்டு அரைச்சுரம் வரும்படி வையுங்கள். கமகத்துக்கு அது போதும். அதற்கு மேல் வைத்தால் கை நடுக்கமெல்லாம் சங்கதியாகிவிடும். வி.சி.எஃப். ஸ்லைடரையும் துளி திறந்து வைத்தால் ஸ்வரம் ஏறும்போது ஒலியும் சற்றே திறக்கும். தொண்டை அப்படித்தானே செய்கிறது.

கோரஸ். ஜூனோ என்றாலே கோரஸ்தான் என்பார்கள், தப்பில்லை. எம்.என்.3009 என்ற பக்கெட் பிரிகேட் ஐ.சி. இரண்டு, ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்றின் தாமதம் கூடும்போது மற்றதில் குறையும். ஒற்றைக் கேபிளில் எடுத்தால் இந்த எதிரெதிர் அசைவு பாதி காணாமல் போகும், இரண்டு கேபிள் போடுங்கள். இரைச்சல் கூடவே பிறந்தது. அதைக் கட்டுக்குள் வைக்க, பேட்சில் வி.சி.ஏ. லெவலைத் தாராளமாக வைத்து, பின்னால் இருக்கும் அவுட்புட் சுவிட்சை 'ஹை'யில் வைத்து, மிக்சரில் லைன் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். கருவியில் குறைத்து மிக்சரில் ஏற்றினால் இரைச்சலுக்குத்தான் மேடை போட்டுக் கொடுக்கிறீர்கள். ஹைபாஸ் ஸ்லைடரும் கவனிக்கத்தக்கது. அடிநிலையில் அது எதையும் வெட்டுவதில்லை, பேஸைக் கூட்டுகிறது. தட்டையான ஒலி இருப்பது அடுத்த நிலையில். கலவையில் பேஸ் கிதாரோடு ஜூனோ முட்டிக்கொள்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கோரஸைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அது எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது. ஃபில்டர் விலகல், லெவல் வித்தியாசம் எல்லாம் அதன் அசைவில் கரைந்துபோகும். விற்கிறவர்கள் கோரஸைப் போட்டே வாசித்துக் காட்டுவார்கள், வாங்குகிறவர்களும் மயங்கிவிடுவார்கள். வாங்கும்போதும் சரி, சீரமைக்கும்போதும் சரி, பலகை மாற்றிய பிறகு ஒப்பிடும்போதும் சரி, கோரஸ் அணைந்திருக்கட்டும்.

ஆறு ஃபில்டரும் துளிகூட வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். ட்யூனர் காட்டும் எண்ணைப் பிடித்துக்கொண்டு அரைநாள் உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். வெட்டு அலைவெண்ணில் மிகச் சிறிய வித்தியாசம் இருந்தால் கார்டுக்கு உயிர் வரும். இந்தக் கருவியில் சுருதி அசையாது என்பதால் அந்த உயிருக்கு வேறு இடமும் இல்லை. லெவலிலும் ஆஃப்செட்டிலும் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரே ஸ்வரத்தை ஆறு முறை தட்டும்போது எந்தக் குரல் மாறியது என்று காது சுட்டிக்காட்டாத அளவுக்கு ஃபில்டர்கள் நெருங்கிவிட்டால், மூடியைச் சாத்திவிட்டு வாசிக்கப் போகலாம்.

மேடையில் இருக்கும் இந்த ஜூனோவைக் காலையிலிருந்தே போட்டு வைத்திருக்கிறேன், நன்றாகச் சூடேறியிருக்கிறது. வேலைக்காக இப்போது மேல்மூடி திறந்திருக்கிறது, பவர் சப்ளைப் பக்கம் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். ஐந்து குரல்களைச் சீரமைத்துவிட்டு ஒன்றின் ஃபில்டரை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். திரையை மறைத்துக்கொண்டு ஒரே சாவியைத் தட்டிக்கொண்டே வருகிறேன். எது என்று முதலில் சொல்பவரிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கிறேன். அதன் பிறகு கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.